விடியும் வரை ஒரு ராஜ்யம்

சேலம் என்றவுடன் சிலருக்கு மாம்பழம் ஞாபகத்துக்கு வரும். சிலருக்கு ஏற்காட்டுக் குளிர். நாடகப் பித்துக் கொண்டவர்களுக்கோ மாடர்ன் தியேட்டர்ஸ்தான் ஞாபகத்துக்கு வரும். டி. ஆர். சுந்தரம் 1935-ல் ஏற்காடு மலையடிவாரத்தில் ஸ்தாபித்த அந்தப் படக் கம்பெனி நூற்றுக்கு மேற்பட்ட படங்களை எடுத்தது. 1956-ல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' என்று தமிழுக்கு முதல் வர்ணப் படத்தைக் கொடுத்ததும் அதுவே. நாடகக் கம்பெனிகளில் பாடியும் ஆடியும் தேறிய எத்தனையோ நடிகர்கள் அந்த வாசலில் வந்து நின்று சினிமாவுக்குள் புகுந்தார்கள். இன்று அங்கே மிஞ்சியிருப்பது முகப்பு வளைவு ஒன்றுதான். ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி அதன் கீழ் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.

தமிழ் நாடகம் இந்த வளைவுக்குள் புகுந்து மறைந்துவிட்டது என்றுதான் சரித்திரம் எழுதுகிறவர்கள் பலர் கதையை முடிக்கிறார்கள். ஆனால் அந்த வளைவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சேலத்திலிருந்து மேற்கே சுமார் 35 கிலோமீட்டர் போனால், சினிமாவுக்குள் புகாத நாடகம் ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது. அதற்கு வளைவு கிடையாது, கூரை கிடையாது, டிக்கெட்டும் கிடையாது. அதைப் பார்ப்பதற்காகத்தான் சென்ற பங்குனியில் நாங்கள் ஜலகண்டாபுரத்துக்குப் பிரயாணமானோம்.

போகிற வழியில் தாரமங்கலத்தில் இறங்காமல் போவது பாவம். கெட்டி முதலியார்கள் பதினேழாம் நூற்றாண்டில் எடுப்பித்த கைலாசநாதர் ஆலயத்தின் மண்டபத் தூண்களைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் இருக்கமாட்டார்கள். சிங்கத்தின் வாய்க்குள் உருளும் கல் உருண்டையை எல்லோரும் விரலால் உருட்டிப் பார்க்கிறார்கள், நாங்களும் உருட்டினோம். ஆனால் எங்களை நெடுநேரம் நிறுத்தி வைத்தவை வேறு இரண்டு தூண்கள். ஒன்றில் வாலியும் சுக்கிரீவனும் சண்டையிடுகிறார்கள். மற்றொன்றில் ராமன் வில்லோடு நிற்கிறான். ராமன் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் சண்டை கண்ணுக்குத் தெரிகிறது. வாலி இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் ராமன் தெரிகிறதில்லை. 'மறைந்திருந்து அம்பு எய்தது நியாயமா?' என்று பண்டிதர்கள் பல நூற்றாண்டாக விவகரித்த கேள்வியைச் சிற்பி வாய் திறவாமல் கேட்டுவிட்டான். பார்க்கிறவனை நடக்க வைத்து, இங்கே நின்று பார், அங்கே நின்று பார் என்று இடம் மாற்றி நியாயத்தை யோசிக்க வைக்கிற இந்த வித்தையை நாடக வித்தை என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது? பின்னால் அன்றிரவு நாங்கள் கண்ட காட்சிக்கு இந்தத் தூண்களே நல்ல முகவுரையாக அமைந்தன.

தாரமங்கலத்திலிருந்து பஸ் புறப்பட்டதும் வறண்ட சீமை ஆரம்பமாகிறது. 1934-ல் கட்டி முடிந்த மேட்டூர் அணை இங்கிருந்து அதிக தூரத்தில் இல்லை. ஆயினும் காவேரி ஜலம் இந்தப் புன்செய்களைத் திரும்பிப் பாராமல் பல தலைமுறைகளாகத் தஞ்சாவூரை நோக்கியே போய்க்கொண்டிருந்தது. அணையின் உபரி நீரை ஏற்றி வறண்ட ஏரிகளை நிரப்பும் திட்டம் சமீப வருஷங்களில்தான் வந்திருக்கிறது. மழையை நம்ப முடியாத ஊரில் ஜனங்கள் கைத்தொழிலை நம்புகிறார்கள். ஜலகண்டாபுரம் நெசவாளர் ஊர். பஸ்ஸை விட்டு இறங்கியதும் காதில் விழும் முதல் சப்தம் விசைத்தறியின் தடதடப்புத்தான். தெருவுக்குத் தெரு, சில தெருக்களில் வீட்டுக்கு வீடு, அந்தச் சப்தம். சிறிது நேரத்தில் நம் காது அதைக் கேட்பதையே நிறுத்திவிடுகிறது. 'சத்தமா இருக்குமே, ராத்திரி எப்படித் தூங்குகிறீர்கள்?' என்று டீக்கடையில் ஒருவரைக் கேட்டோம். 'சத்தம் நின்னாத்தானுங்க தூக்கம் வராது' என்றார். வேலையில்லாத நாளைப் பற்றிய பயத்தை இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

இவ்வூர்ப் பெயரைத் தம் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டு ஒரு நாடகாசிரியர் தமிழ்நாடெங்கும் அறியப்பட்டிருந்தார் என்பது நேயர்களில் மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். ஜலகண்டபுரம் ப. கண்ணன் திராவிட இயக்கத்தைச் சேர்ந்தவர். அந்த இயக்கம் நாடக மேடையைப் பிரசார மேடையாகவே மாற்றிய காலத்தில் அதற்காக நாடகங்கள் எழுதியவர். அவருடைய நூல்களைத் தமிழ்நாடு அரசாங்கம் நாட்டுடைமையாக்கியிருக்கிறது. ஒரு நெசவாளர் ஊரில் நாடகாசிரியர் ஒருவர் தோன்றியதில் அதிசயம் ஒன்றும் இல்லை. இந்த வட்டாரத்தில் தாரமங்கலம், இடைப்பாடி, நங்கவள்ளி, மேச்சேரி, ஓமலூர் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் கூத்து கண்ணுக்கும் காதுக்கும் பழக்கமான விஷயம். குழந்தைகள் தாய்ப்பாலோடு ஆர்மோனிய சுருதியையும் சேர்த்துக் குடிக்கிறார்கள் என்று சொன்னால் அதிகம் மிகையாகாது.

பட்டணத்துச் சபைகளின் கதையையும் இங்கே கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். 1891-ல் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கியபோது, படித்தவர்கள் கௌரவமாக உட்கார்ந்து பார்க்கக்கூடிய நாடகம் பிறந்தது. விக்டோரியா பப்ளிக் ஹால் போன்ற கட்டடங்கள் அதற்கு வீடாயின. மறுபக்கத்தில் தூத்துக்குடிச் சீமையில் 1867-ல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் ஊர் ஊராகச் சென்ற கம்பெனிகளுக்குப் பாட்டும் வசனமும் எழுதி, 1918-ல் மதுரையில் சிறுவர்களைக் கொண்டே தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை அமைத்தார். 1922-ல் அவர் காலமானார். அவர் எழுதிய பவளக்கொடியும் வள்ளி திருமணமும் இன்றைக்கும் மேடைகளில் வாழ்கின்றன. அந்தக் கம்பெனிகளுக்குத் தகரக் கொட்டகை இருந்தது. வர்ணப் படுதாக்கள் இருந்தன. வாசலில் டிக்கெட் கிழிக்க ஆள் இருந்தார். இவையெல்லாம் வருவதற்கு முன்பே இருந்ததும், இவற்றில் பெரும்பாலானவை போன பிறகும் இருப்பதுமான ஒன்றைத்தான் ஜலகண்டாபுரத்துச் சுற்றுப்புறத்தில் 'கூத்து' என்கிறார்கள். இதற்கு அரங்கம் எது என்று கேட்டால், ஒரு கட்டடத்தைச் சுட்டிக்காட்ட முடியாது. ஓர் இரவைத்தான் சுட்டிக்காட்ட வேண்டும். இராத்திரி பத்து மணிக்குக் கட்டி, காலை ஆறு மணிக்குப் பிரித்துவிடுகிற அரங்கம் இது.

நாங்கள் பார்த்த கூத்து ஜலகண்டாபுரத்திலிருந்து சில மைல் தள்ளியுள்ள ஒரு சிற்றூரில், மாரியம்மன் திருவிழாவை ஒட்டி நடந்தது. அன்று ஆட ஒப்புக்கொண்ட கதை 'கர்ண மோட்சம்'. ஊர்ப் பெரியவர்கள் வெற்றிலை பாக்கோடு முன்பணம் கொடுத்துவிட்டால் ஒப்பந்தம் முடிந்தது. காகிதம், கையெழுத்து ஒன்றும் தேவையில்லை. எந்தக் கதை என்பதை நிர்ணயிப்பது பெரும்பாலும் ஊரின் தேவை. மழை பொய்த்தால் விராட பர்வம். வடமாவட்டங்களில் இறந்தவர்களுக்குக் காரியம் செய்யும்போது கர்ண மோட்சம் ஆடுகிற வழக்கமும் உண்டு. 'எது நன்றாக இருக்கும்?' என்று நாம் கேட்கிறோம்; 'எது வேண்டியிருக்கிறது?' என்று அவர்கள் கேட்கிறார்கள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, ஆரம்பப் பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில் வேஷம் கட்டிக்கொண்டிருந்தார்கள். சுவரில் சாய்த்த கண்ணாடித் துண்டுகளுக்கு முன்னால் ஆளுக்கொரு பாய். அரிதாரமும் செந்தூரமும் எண்ணெயும் குழைந்த வாசனை. கிரீடம், புஜகீர்த்தி, மார்புப் பதக்கம் எல்லாம் மரத்தில் செய்து, கண்ணாடிச் சில்லும் ஜிகினாவும் பதித்தவை. கையில் எடுத்துப் பார்த்தோம். எதிர்பார்த்த கனம் இல்லை. கல்யாண முருங்கை மரம் என்றார்கள். இரவு முழுவதும் சுழன்று ஆடுகிறவனுக்கு ராஜ்ய பாரம் லேசாகத்தானே இருக்க வேண்டும்! காஞ்சீபுரம் பக்கத்தில் இந்தக் கட்டை அணிகளை வைத்தே 'கட்டைக்கூத்து' என்று பெயர் சொல்லிக்கொள்ளுகிறார்கள். 'தெருக்கூத்து' என்ற பெயரில் தெருவை இகழ்கிற தொனி இருக்கிறது என்பது அவர்கள் கட்சி. 1990-ல் அங்கே கலைஞர்கள் ஒரு சங்கமும் அமைத்தார்கள். சேலத்துக்காரர்களுக்கு இந்த விவகாரத்தில் அதிக அக்கறை இருப்பதாகத் தெரியவில்லை. 'கூத்துன்னா கூத்துதானுங்க' என்று முடித்துவிட்டார் எங்களோடு பேசிய பெரியவர். அவர் அந்த ஜமாவின் வாத்தியார். வயது எழுபதுக்கு மேல் இருக்கும். அன்று அவருக்கு வேஷம் இல்லை, பின்பாட்டு மட்டும்.

பத்து மணி சுமாருக்கு இரண்டு கம்பங்களுக்கு நடுவே ஒரு பெஞ்சு போட்டு வாத்தியக்காரர்கள் உட்கார்ந்தார்கள். ஆர்மோனியம், மிருதங்கம், தாளம், முகவீணை. இந்த முகவீணை என்பது நாயனத்தின் குட்டித் தங்கை. உருவத்தில் ஒரு சாண். குரலிலோ ஊர் எல்லையைத் தாண்டும். விநாயகர் துதி முடிந்து கோமாளி வந்தான். கோமாளிக்கு அந்த இராத்திரியில் உள்ள உரிமை வேறு எவருக்கும் இல்லை. அவன் துரியோதனனுக்கு வாயில்காப்போன். மறுநிமிஷம் பஞ்சாயத்துத் தெருவிளக்கு எரியாததைப் பற்றிப் பேசுகிறான். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிரமுகரின் மீசையைப் பற்றிப் பேசுகிறான். பிறகு ஒன்றும் அறியாதவன்போல் மகாராஜாவைக் கும்பிடுகிறான். பிரமுகரும் சிரிக்கத்தான் வேண்டும். சிரிக்காவிட்டால் கதை விடியும் வரை அவரைச் சுற்றியே ஓடும்.

இந்த உரிமையைக் கண்டு பயந்த சர்க்கார் ஒன்று இருந்தது. 1876-ல் வெள்ளைக்காரர்கள் நாடகங்களைத் தடை செய்ய ஒரு சட்டமே போட்டார்கள். சிவகாசியில் 1886-ல் பிறந்த தியாகி விசுவநாத தாஸ் முருகன் வேஷத்தில் வந்தே வெள்ளையரை விரட்டப் பாடினார். பலமுறை சிறை சென்றார். 1940 டிசம்பர் 31 இரவு சென்னை ராயல் தியேட்டரில் வள்ளி திருமணம் நடந்துகொண்டிருந்தபோது மேடையிலேயே உயிர் நீத்தார். போலீஸ்காரர்கள் மேடைக்கு முன்னால் காத்திருப்பதும், நடிகர் பாட்டை விடாமல் பாடி முடிப்பதும் அந்நாளில் சாதாரணக் காட்சிகள். கூத்துக்காரர்கள் பெயர் அந்தச் சரித்திரத்தில் அதிகம் இடம்பெறவில்லை. ஆனால் ராஜாவை எதிரில் வைத்துக்கொண்டே ராஜாவைக் கேலி செய்யலாம் என்ற தைரியத்தைத் தமிழ் ஜனங்களுக்குக் கற்பித்துக்கொடுத்த பள்ளிக்கூடம் கோமாளியின் களரிதான் என்பது எங்கள் அபிப்பிராயம்.

பன்னிரண்டு மணிக்கு அன்றைய முக்கியமான சம்பவம் நடந்தது. அது கதையில் இல்லாத சம்பவம்.

ஒலிபெருக்கிகளை இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை உபயோகிக்கக் கூடாது என்று 2000-ம் வருஷத்து ஒலி மாசு விதிகள் சொல்லுகின்றன. திருவிழாப் போன்ற விசேஷங்களுக்கு, வருஷத்தில் 15 நாளுக்கு மேற்படாமல், நடுநிசி வரை மாநில அரசாங்கம் சலுகை தரலாம். விதியில் தப்பு ஒன்றும் இல்லை. படிக்கிற பிள்ளைகள், நோயாளிகள், கைக்குழந்தைக்காரிகள் எல்லோரும் இந்த விதிக்காக நன்றி செலுத்த வேண்டியவர்களே. கல்யாண வீட்டுக்காரர்கள் ஊரின் தூக்கத்தைக் கெடுத்ததை நாமும் அனுபவித்திருக்கிறோம். ஆனால் அந்த விதியை எழுதியவர்கள் மனத்தில், பத்து மணிக்கு ஆரம்பித்து ஆறு மணிக்கு முடிகிற ஒரு கலை இருப்பது உதித்திராது. ராத்திரி பத்து முதல் காலை ஆறு! கூத்தின் ஆயுளை அளந்து வைத்து வெட்டினாற்போல் இருக்கிறது.

திருவிழாக் குழுவினர் முன்னெச்சரிக்கையாகப் பன்னிரண்டுக்கு ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டார்கள். கூத்தையே அத்துடன் முடித்துவிடலாம் என்று இளைஞர்கள் சிலர் அபிப்பிராயப்பட்டார்கள். அப்போது வாத்தியார் பெஞ்சிலிருந்து எழுந்து வந்தார். கோபமாக ஒன்றும் பேசவில்லை.

'இப்ப நிறுத்தச் சொன்னா நிறுத்திப்போடறேனுங்க. ஆனாக் கர்ணன் இன்னும் பொண்டாட்டிகிட்டச் சொல்லிக்கவே இல்லீங்களே. அவன எப்படி இப்படியே உட்டுப்போட்டுப் போறது?'

ஜனங்கள் சிரித்தார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு கிழவியின் குரல், 'மைக்கு இல்லாட்டி என்ன, பக்கத்துல வந்து குந்திக்கிறோம், ஆடச் சொல்லு சாமி' என்றது. அவ்வளவுதான். பாய்களும் சாக்குகளும் எழுந்து நகர்ந்தன. அரைவட்டமாகத் தூரத்தில் சிதறியிருந்த கூட்டம் களரியைச் சுற்றிக் கைக்கெட்டும் தூரத்தில் வந்து நெருங்கிக்கொண்டது. பையன்கள் கைபேசிகளை மடியில் கட்டினார்கள். அதுவரை எங்கோ கம்பத்தின் உச்சியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த பாட்டு இப்போது மனிதன் வாயிலிருந்து வந்தது.

நேயர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கூத்துப் பாட்டை முதல்முறை கேட்கிறவர்கள், 'ஏன் இப்படி உச்சஸ்தாயியில் கத்துகிறார்கள்?' என்று முகம் சுளிப்பதுண்டு. ஒலிபெருக்கியில் கேட்டால் முகம் சுளிக்கத்தான் தோன்றும். திறந்த வெளியில், இயந்திர உதவி இல்லாமல், கடைசி வரிசைக்கும் எட்டும்படி அமைந்த சங்கீதம் அது. முகவீணையின் கூர்மையும் அதற்காகவே. அன்று பன்னிரண்டு மணிக்கு மேல் கேட்டபோதுதான் அந்த ஸ்தாயிக்கு அர்த்தம் விளங்கியது.

ஆனால் வாத்தியார் பிற்பாடு எங்களிடம் தனியாகச் சொன்னதையும் மறைக்கக் கூடாது. 'எங்க அப்பாரு காலத்துல மைக்கு ஏதுங்க? வெறுந்தொண்டைதான். நான் ரெண்டுலயும் பாடுவேன். இந்தப் பசங்க மைக்குல பாடியே பழகுனவங்க. ரெண்டு மணிக்கு மேல பாருங்க, தொண்டை கட்டிக்கும்' என்றார். அப்படியே நடந்தது. கர்ண வேஷக்காரருக்கு வயது முப்பது இருக்கலாம், ஆட்டத்தில் சூரர். இரண்டரை மணிக்கு அவர் குரல் கம்மிற்று. மிச்ச இரவெல்லாம் அவர் முதலடி எடுத்தால் வாத்தியார்தான் பின்னாலிருந்து பாட்டைத் தூக்கிக்கொண்டு போனார். ஒலிபெருக்கி இருந்தால் இரவு இல்லை. ஒலிபெருக்கி இல்லாவிட்டால் குரல் இல்லை. இந்தத் தலைமுறைக் கூத்துக்காரர்கள் இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிறார்கள்.

கர்ணன் மனைவியிடம் விடைபெறும் கட்டத்துக்கு வருவோம். வியாச பாரதம் படித்தவர்களுக்குப் பொன்னுருவி அறிமுகமாகியிருக்கமாட்டாள். அவள் தமிழ்க் கதைகளுக்கும் கூத்துக்கும் சொந்தமானவள். ராஜகுமாரி; தேரோட்டி மகனுக்கு வாழ்க்கைப்பட்டோமே என்ற குமைச்சல் அவளுக்கு. பதினேழாம் நாள் யுத்தத்துக்குப் புறப்படும் கர்ணன் அவளிடம் சொல்லிக்கொள்ள வருகிறான். அவள் முகம் கொடுக்கவில்லை. உன் தகப்பன் யார், உன் குலம் எது என்று கேட்கிறாள். ஏதோ ஒரு வாக்கியத்தில் கேட்டுவிட்டுப் போகிறதல்ல. பாட்டாக, வசனமாக, பரிகாசமாக, அழுகையாக ஒன்றரை மணி நேரம் அந்த ஒரு கேள்வியே நடக்கிறது. ஸ்திரீ வேஷம் கட்டியவர் ஐம்பதைத் தாண்டியவர். பகலில் பார்த்திருந்தால் சைக்கிள் கடைக்காரர் என்று நினைத்திருப்போம். அவர் தலையைத் திருப்பி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்ட விதத்தில், சினிமாவில் நாம் பார்த்த எத்தனை ராணிகளோ தோற்றுப்போனார்கள்.

மணி இரண்டு, மூன்று. குழந்தைகள் தூங்கிவிட்டன. ஆண்களில் பாதிப் பேர் சாய்ந்துவிட்டார்கள். பெண்கள் மாத்திரம் ஒருவர்கூடக் கண் அசரவில்லை. 'நீ எந்தக் குலம்?' என்ற கேள்வி, ஆயுள் முழுவதும் அதைக் கேட்டும் கேட்கப்பட்டும் வாழ்கிற ஜனங்களின் முன்னால், அந்தக் கேள்வியால் அதிகம் அடிபட்ட குடிகளில் பிறந்த கலைஞர்களின் வாயிலிருந்து வருகிறது. கர்ணனுக்குப் பதில் தெரியும். தான் குந்தியின் மகன் என்பதை அறிந்தவன். சொன்னால் மனைவியின் ஏளனம் தீரும். சொல்லத் தயங்குகிறான். கடைசியில் சொல்கிறான், சொன்ன பிறகு அவள் அவனைப் போகவிட மறுக்கிறாள். அவமதித்தபோது போகலாம் என்று இருந்த யுத்தத்துக்கு, அன்பு பிறந்த பிறகு போக வேண்டியிருக்கிறது. எங்கள் பக்கத்தில் இருந்த ஓர் அம்மாள், 'இத மொதல்லயே சொல்லியிருந்தா?' என்று தன் மகளிடம் கேட்டாள். மகள், 'சொல்லியிருந்தா இவ மதிச்சிருப்பா, அது மதிப்பா?' என்று திருப்பிக் கேட்டாள். தாரமங்கலத்துத் தூண்களுக்கு நடுவே நாங்கள் நடந்ததுபோல, இவர்கள் உட்கார்ந்த இடத்திலேயே இரண்டு பக்கத்துக்கும் போய் வந்துகொண்டிருந்தார்கள்.

பட்டணங்களில் கலைவிழா நடத்துகிறவர்கள் கூத்தைக் கௌரவித்து அழைக்கிறார்கள். அதை நாங்கள் குறை சொல்லவில்லை. 1977-ல் ந. முத்துசாமி சென்னையில் கூத்துப்பட்டறையைத் தொடங்கியதற்குப் புரிசைத் தம்பிரான்களின் கூத்து அவருக்கு அளித்த அதிர்ச்சி ஒரு காரணம் என்பதை அறிவோம். புரிசைக்காரர்கள் வெளிநாட்டுக் கதைகளைக்கூடக் கூத்தாக்கி ஆடிக் காட்டினார்கள். ஆனால் விழா மேடையில் கூத்துக்கு ஒதுக்குகிற நேரம் ஒரு மணி; மிஞ்சினால் இரண்டு. அதற்குள் எதைக் காட்டுவது? கிரீடத்தைக் காட்டலாம், கிறுகிறுவென்று சுழல்வதைக் காட்டலாம், அர்ஜுனனும் கர்ணனும் அம்பு விடுவதைக் காட்டலாம். முதலில் வெட்டுப்படுகிறவள் பொன்னுருவிதான். அவளுடைய கேள்விக்கு ஜிகினா கிடையாது. அது நடுநிசிக்கு மேல், தூக்கம் கண்ணைக் கரைத்து, நம்முடைய பகல் நேரத்துக் கௌரவங்கள் சற்று நெகிழ்ந்துபோன வேளையில் மாத்திரமே உள்ளே இறங்கும். கூத்தைக் காப்பாற்றுவதாகச் சொல்லி இரண்டு மணி நேரத்துக்குச் சுருக்குகிறவர்கள் கிரீடத்தை வைத்துக்கொண்டு தலையை எடுத்துவிடுகிறார்கள்.

இது தெரிந்தவர்கள் இந்த வட்டாரத்திலேயே இருக்கிறார்கள் என்பது ஆறுதல். மேட்டூர் வட்டத்திலிருந்து 'மணல்வீடு' என்ற சிற்றிதழை நடத்தும் எழுத்தாளர் மு. ஹரிகிருஷ்ணன், 'களரி' என்னும் அமைப்பின் மூலம் கூத்துக்காரர்களையும் பொம்மலாட்டக்காரர்களையும் ஒன்று சேர்த்து, அவர்களுக்கு மரியாதை செய்து, விடிய விடியவே ஆட வைத்திருக்கிறார். அவரே வேஷங்கட்டி ஆடுகிறவருங்கூட. எழுதத் தெரிந்தவர்கள் ஆடத் தெரிந்தவர்களைப் பற்றி எழுதுவது சாதாரணம். கூடவே ஆடுவது அபூர்வம். சேலத்துப் பொம்மலாட்டத்தைப் பற்றி இங்கே எழுத ஆரம்பித்தால் அது தனிக் கட்டுரையாகிவிடும்.

நான்கரை மணிக்குச் சல்லியன் தேரோட்ட, கர்ணன் களம் புகுந்தான். தேர் என்பது வாத்தியக்காரர்களின் பெஞ்சுதான். நாகாஸ்திரம் குறி தவறியது. தேர்ச் சக்கரம் புதைந்தது. சல்லியன் இறங்கிப் போய்விட்டான். கண்ணபிரான் கிழப் பிராமணனாகத் தள்ளாடி வந்து, செய்த புண்ணியம் அத்தனையும் தானமாகக் கேட்டான். மகாபாரதத்தில் கர்ணன் விழுவது சாயங்கால வேளை. கூத்திலோ இரவின் கணக்கு வேறு. கிழக்கே பனைமரங்களுக்குப் பின்னால் வானம் வெளுத்து, சூரியன் தலை காட்டுகிற சமயத்தில், சூரியனுடைய பிள்ளை கீழே சாய்ந்தான். யாரும் திட்டமிட்டு விளக்கு அமைக்கவில்லை. அந்த விளக்குக்குக் கரண்ட் செலவும் இல்லை. குந்தி வேஷக்காரர் அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு ஒப்பாரி வைத்தபோது, கிழவிகள் எழுந்து போய்ச் சொந்த வீட்டு இழவுபோல் சுற்றி உட்கார்ந்து அழுதார்கள். அந்த வருஷம் பிள்ளையைப் பறிகொடுத்தவள் ஒருத்தி அவர்களில் இருந்தாள் என்று பின்னால் சொன்னார்கள். தட்டில் காசு விழுந்தது. விபூதி கொடுத்தார்கள். ஆறு மணிக்கு ராஜ்யம் முடிந்தது.

பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் தேங்காய் எண்ணெயால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்த கர்ணனிடம், எங்கே போய்த் தூங்குவீர்கள் என்று கேட்டோம். தூங்குவதாவது! எட்டு மணிக்குத் தறிக்குப் போக வேண்டுமாம். போகாவிட்டால் அன்றைக்குக் கூலி இல்லை. கூத்தில் அன்று அவர் பங்குக்கு வந்தது எவ்வளவு என்று கேட்க எங்களுக்கு மனம் வரவில்லை. பொன்னுருவி ஏற்கெனவே சட்டையை மாட்டிக்கொண்டு முதல் பஸ்ஸுக்குப் போய்விட்டிருந்தார். குரல் கம்மிப்போன அந்த இளைஞரைப் பக்கத்தில் உட்கார வைத்து, 'மைக்க மறந்துட்டுத் தெனம் விடியக்காலம் கெணத்து மேட்டுல நின்னு பாடு கண்ணு, ஒரு மண்டலம் பாடுனாத் தொண்டை தொறந்துக்கும்' என்று வாத்தியார் சொல்லிக்கொண்டிருந்தார். கர்ணன், 'ஆகட்டுங்க வாத்தியாரே' என்றார். ஆகட்டும் என்பதற்கு அர்த்தம் என்னவென்று தறிச்சாலை மணிக்குத்தான் தெரியும்.

அடுத்த கூத்து எங்கே என்று விசாரித்தோம். செவ்வாய்க்கிழமை, மேச்சேரிப் பக்கம் ஓர் ஊரில். ஆர்மோனியத்தைத் துணியில் சுற்றிக்கொண்டே வாத்தியார் பதில் சொன்னார்:

'விராட பர்வமுங்க. மூணு மாசமா அங்க ஒரு சொட்டு மழை இல்லீங்களே.'